பிரிட்டன் குடியுரிமைத் தேர்வு: அடுப்படியில் இருப்பவர் பின்தங்கிவிடக் கூடாது

பிரிட்டனில் வசிக்கும் நம் குடும்பங்கள் ஜும்ஆ முடிந்தோ ஒரு வலீமா விருந்திலோ சந்தித்துக்கொண்டால், ஸலாம் சொல்லி நலம் விசாரித்ததும் பேச்சு இப்போது நேராக ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. "ஐஎல்ஆரைப் பத்து வருஷமா ஆக்கப் போறாங்களாமே, உங்களுக்கு எப்படி?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் தன் விசா கணக்கைச் சொல்வார். ஊதியம், வரி, கட்டணம் என்று பேச்சு நீளும். பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் வரப்போகும் மாற்றங்களில் அதிகம் சிக்கப்போவது அவர்தான்.

பிரிட்டனில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்கும் (ஐஎல்ஆர்), அதன்பின் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும் பெரியவர்கள் அனைவரும் 'லைஃப் இன் தி யூகே' என்ற தேர்வில் தேற வேண்டும். பிரிட்டனின் வரலாறு, பண்பாடு, அரசு முறை பற்றிய தேர்வு இது. கணினிப் பொறியாளருக்கு இது ஒரு மாத வேலை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, திருமணமாகி வந்து, வீடும் பிள்ளைகளும் என்று வாழ்ந்துவிட்ட சகோதரிக்கு இது மலை. இந்தத் தேர்வு எதற்காக வந்தது, எப்படி மாறியது, இனி எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வீட்டில் யாரை முதலில் தயார்படுத்த வேண்டும் என்பது விளங்கும்.

தேர்வு பிறந்த கதை

2001ஆம் ஆண்டின் கோடையில் வட இங்கிலாந்தின் ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபோர்ட் நகரங்களில் கலவரங்கள் வெடித்தன. அவற்றில் தெருவுக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் தெற்காசிய முஸ்லிம் இளைஞர்களும் வெள்ளையின இளைஞர்களும். சமூகங்கள் அருகருகே இருந்தும் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியாக வாழ்கின்றன என்ற கருத்து அப்போது அரசு வட்டாரங்களில் வலுப்பெற்றது. அன்றைய உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட், தன் பழைய பேராசிரியரான சர் பெர்னார்ட் கிரிக் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். 2002ஆம் ஆண்டின் தேசியம், குடியேற்றம், புகலிடச் சட்டம் குடியுரிமை பெறுவோர் பிரிட்டன் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும் என்றது. 2004இல் முதல் குடியுரிமை விழா லண்டனின் பிரென்ட் பகுதியில் நடந்தது. 2005 நவம்பரில் தேர்வு தொடங்கியது.

கிரிக்கின் எண்ணம் வந்தவர்களை வடிகட்டுவது அல்ல. அவர்களை உள்ளே அழைத்து நாட்டின் நடைமுறைகளைச் சொல்லிக்கொடுப்பது. ஆரம்பகாலக் கேள்விகளும் அதற்கேற்பவே இருந்தன. மருத்துவரிடம் எப்படிப் பதிவு செய்வது, பிள்ளையை எப்படிப் பள்ளியில் சேர்ப்பது, வேலையில் என்ன உரிமை உண்டு என்பவை இடம்பெற்றன. கையேட்டில் வரலாற்றுப் பாடம் இருந்தாலும் அதிலிருந்து கேள்வி கேட்கப்படவில்லை. ஆங்கிலம் குறைவாக உள்ளவர்களுக்குத் தனி வழியும் இருந்தது. தேர்வுக்குப் பதிலாக, குடியுரிமைப் பாடங்கள் சேர்ந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்து ஒரு படி முன்னேறினால் போதும். நம் உம்மாக்களில், சகோதரிகளில் பலர் அந்த வழியாகவே கடந்து வந்தார்கள்.

2007 முதல் குடியுரிமைக்கு மட்டுமின்றி நிரந்தரக் குடியிருப்புக்கும் தேர்வு கட்டாயமானது. 2013இல் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. மார்ச்சில் மூன்றாம் பதிப்புக் கையேடு வெளியாகி, வரலாறும் பண்பாடும் தேர்வின் மையத்துக்கு வந்தன. அன்றாட வாழ்க்கைக்கான செய்திகள் குறைக்கப்பட்டன. அக்டோபரில், ஆங்கில வகுப்பு வழியே கடக்கும் அந்தத் தனிக் கதவு மூடப்பட்டது. அன்று முதல் தேர்வும் வேண்டும், அதோடு பி1 நிலை ஆங்கிலச் சான்றும் வேண்டும். வரவேற்பாகத் தொடங்கிய ஒன்று வாயிற்காவலாக மாறியது அந்த ஆண்டில்தான்.

தேர்வு எப்படி இருக்கும்?

மொத்தம் 24 கேள்விகள், நேரம் 45 நிமிடம். 75 விழுக்காடு, அதாவது 18 கேள்விகளுக்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. தேர்வு மையத்தில் கணினி முன் அமர்ந்து எழுத வேண்டும். சரியான விடை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சரியா தவறா என்று சொல்வது, சரியான இரண்டைத் தேர்ந்தெடுப்பது, இரண்டு வாக்கியங்களில் எது சரி என்று காட்டுவது என நான்கு வகைக் கேள்விகள் உண்டு. கட்டணம் 50 பவுண்டு. தோற்றால் ஏழு நாள் கழித்து மீண்டும் எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஒவ்வொரு முறையும் 50 பவுண்டு கட்ட வேண்டும். 18 வயது நிறையாதவர்களுக்கும் 65 வயது ஆனவர்களுக்கும் தேர்வு இல்லை. நீண்டகால உடல், மனநலக் குறைபாட்டால் எழுத இயலாதவர்கள் மருத்துவரின் சான்றோடு விலக்குக் கேட்கலாம்.

கேள்விகள் அனைத்தும் அரசு வெளியிட்ட ஒரே கையேட்டிலிருந்து வருகின்றன. அதில் ஐந்து பகுதிகள்: நாட்டின் விழுமியங்கள், நாட்டின் அமைப்பு, நீண்ட வரலாறு, இன்றைய சமூகம், அரசும் சட்டமும் குடிமகனின் பங்கும். இவற்றில் வரலாறுதான் மிக நீளமானது. 1066இல் நார்மன்கள் வந்தது, 1215இன் மாக்னா கார்ட்டா, எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர், 1689இன் உரிமைச் சட்டம், 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தது, பெண்களுக்கு 1918இல் பாதியும் 1928இல் முழுமையும் கிடைத்த வாக்குரிமை, 1948இல் என்எச்எஸ் தொடக்கம் என்று விரிகிறது. ஒரு நிம்மதி உண்டு: ஆட்களின் பிறந்த, இறந்த ஆண்டுகளை நினைவில் வைக்கத் தேவையில்லை என்று கையேடே சொல்கிறது. நிகழ்ச்சிகள் எப்போது நடந்தன என்பது தெரிந்தால் போதும்.

பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்தவர்களுக்கு ஆங்கிலச் சான்றில் சலுகை கிடைக்கலாம். இந்தத் தேர்வில் கிடையாது. மருத்துவரானாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அறிஞர்கள் என்ன குறை சொன்னார்கள்?

டர்ஹம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் புரூக்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்து, இதே தேர்வை எழுதிக் குடியுரிமை பெற்றவர். 2013இல் அவர் இதை ஆராய்ந்து கடுமையான விமர்சனம் வெளியிட்டார். கையேட்டில் ஏறக்குறைய 3,000 தகவல்கள் குவிந்துள்ளன. ஆனால் அவசர உதவிக்கு 999ஐ அழைப்பது, மருத்துவரிடம் பதிவது போன்ற வாழ்வுக்குத் தேவையானவை நீக்கப்பட்டுவிட்டன என்பது அவர் சொன்ன முதன்மையான குறை. லண்டன் ஐ ராட்டினத்தின் உயரம் இருக்கிறது. ஆம்புலன்ஸை அழைக்கும் வழி இல்லை.

2020 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் உள்துறை அமைச்சகத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அடிமை வணிகத்தைப் பற்றியும் பேரரசைப் பற்றியும் கையேடு சொல்வது தவறான எண்ணத்தைத் தருகிறது என்றார்கள். சுமார் 30 இலட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றிய நாடு பிரிட்டன். கையேட்டிலோ அடிமை முறையை ஒழித்தவர்களின் கதையே ஓங்கி நிற்கிறது. குடியேற்ற நாடுகள் பெரும்பாலும் அமைதியான முறையில் விடுதலை பெற்றன என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. 1947இன் பிரிவினையில் இரத்தம் சிந்திய நம் துணைக்கண்டத்து மக்களுக்கு இதைப் படிக்கையில் மனம் உறுத்தத்தான் செய்யும்.

2022இல் பிரபுக்கள் சபையின் நீதி, உள்துறைக் குழுவும் இத்தேர்வை விசாரித்து, கையேட்டை உடனடியாக மறுபரிசீலனை செய்யும்படி அரசைக் கேட்டுக்கொண்டது. ஆக, இத்தேர்வில் கோளாறு உண்டு என்பது வந்தேறிகளின் புலம்பல் அல்ல. அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே சொன்ன குறை.

நம் கண்ணில் படும் சில இடங்கள்

அந்தக் கையேட்டில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் இருக்கிறது: சேக் தீன் முஹம்மது. 1759இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணிபுரிந்தார். பிறகு அயர்லாந்து சென்று ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். 1794இல் தன் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்திய உணவு விடுதி ஒன்றைத் திறந்தார். பிரிட்டனின் முதல் கறி உணவகம் அதுதான். இரண்டே ஆண்டில் கடை நொடித்தது. பின்பு பிரைட்டனில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் குளியலகம் நடத்தி, இரு மன்னர்களுக்கு அப்பணி செய்யுமளவுக்குப் பேர் பெற்றார். ஷாம்பூ என்ற சொல் அந்நாட்டில் பரவ அவரே காரணம். திருமணத்தின்போது அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்நிய மண்ணில் தனியாக நின்ற ஒருவர் எதைப் பெற்றார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இது நல்ல பாடம்.

இன்னோர் இடம், இலங்கையிலிருந்து சென்ற நம் சகோதரர்களின் புருவத்தை உயர்த்தும். 1947இல் ஒன்பது நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கப்பட்டதாகவும் இந்தியா, பாகிஸ்தானோடு இலங்கையும் அவற்றில் ஒன்று என்றும் மூன்றாம் பதிப்பு கூறுகிறது. இலங்கை சுதந்திரம் அடைந்தது 1948 பெப்ரவரி 4 என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

முதல் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டனுக்காகப் போரிட்டார்கள் என்று கையேடு சரியாகச் சொல்கிறது. ஆனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 40,000 என்கிறது. போர் நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்தின் கணக்கு 74,000க்கு மேல். அவர்களில் முஸ்லிம் வீரர்கள் ஏராளம். விக்டோரியா சிலுவை விருதுக்குரிய வீரத்தை 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் காட்டிய குதாதாத் கான்தான் அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய வீரர்.

இத்தகைய பிழைகளைப் பார்த்ததும் "இதையா படிக்க வேண்டும்?" என்று கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. தேர்வறையில் விடை கையேட்டின்படியே இருக்க வேண்டும், அதற்காகப் படியுங்கள். வீட்டில் உண்மையைத் தேடிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு விடுமுறை நாளில் வோக்கிங் நகருக்குச் சென்று, 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலையும், முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்தில் இறந்த முஸ்லிம் வீரர்களுக்கு அருகிலேயே அமைக்கப்பட்ட அடக்கத்தலத்தையும் காட்டுங்கள். இந்நாட்டின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

மனப்பாடம் செய்தால் போதுமா?

கைப்பேசிச் செயலியில் சில நூறு மாதிரிக் கேள்விகளை உருப்போட்டுத் தேறிவிடுபவர்கள் பலர். தேறிய மறுவாரம் எல்லாம் மறந்துவிடும். கணவர்மார் பலர் மனைவிக்கும் இதே வழியைத்தான் காட்டுகிறார்கள். "அர்த்தம் தெரியாட்டியும் பரவாயில்ல, விடைய மட்டும் பாத்து வச்சுக்க" என்கிறார்கள். இது இரண்டு வகையில் நட்டம்.

முதலாவது, கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றிக் கேட்டால் உருப்போட்டவர் தடுமாறுவார். ஒவ்வொரு தோல்விக்கும் பணம் போகிறது. பணத்தைவிட, "என்னால் முடியாது" என்ற எண்ணம் மனதில் வேர்விடுகிறது.

இரண்டாவது பெரிய நட்டம். கையேட்டின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இருக்கின்றன. வீட்டு வன்முறை குற்றம். கட்டாயத் திருமணம் குற்றம். மதம், இனம், பாலினம் காரணமாக வேலையிலோ சேவையிலோ பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம். வாக்களிக்க யாருக்கு உரிமை, நீதிமன்றம் எப்படி இயங்குகிறது, தொகுதி எம்.பி.யை எப்படி அணுகலாம் என்பவையும் உண்டு. பொருள் தெரியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்த பெண், தன் உரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றை அறியாமல் இருக்கிறார். ஹிஜாப் அணிந்ததற்காகப் பேருந்தில் ஒருவன் வசைபாடினால் அது வெறுப்புக் குற்றம், காவல்துறையில் புகார் செய்யலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

இனி வரப்போவது

2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கை, நிரந்தரக் குடியிருப்புக்கான வழக்கமான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்த முன்மொழிந்தது. குடியுரிமைத் தேர்வைச் சீரமைக்கப் போவதாகவும் அதே அறிக்கை சொன்னது. ஆங்கிலத் தேவையை பி1இலிருந்து பி2க்கு உயர்த்துவதும் அதில் இருந்தது. பி1 என்றால் அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் நிலை. பி2 என்றால் தன் கருத்தைச் சரளமாக எடுத்து வாதிடும் நிலை. வேலை விசாவில் வருபவரின் வாழ்க்கைத் துணையும் நுழையும்போது அடிப்படை ஆங்கிலம், நீட்டிக்கும்போது அதற்கு அடுத்த நிலை, நிரந்தரக் குடியிருப்புக்கு பி2 என்று படிப்படியாகக் காட்ட வேண்டும் என்பது அத்திட்டம்.

2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட கலந்தாய்வு ஆவணம் இதை மேலும் விரித்தது. நிரந்தரக் குடியிருப்பு என்பது தானாகக் கிடைப்பதல்ல, உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது என்பதே அதன் சாரம். பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலை விசாக்களில் வந்தவர்களுக்கு 15 ஆண்டுகள் என்றது. முதியோர் இல்லங்களில் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகள் இதில் வருகிறார்கள். ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்கு மேல் வருமானத்தை 3 முதல் 5 ஆண்டுகள் ஈட்டித் தேசியக் காப்பீடு செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் முன்வைத்தது. வாழ்க்கைத் துணையின் தகுதி கணவரோடு சேர்த்தல்ல, அவரவர் நிலைப்படியே பார்க்கப்பட வேண்டும் என்றது. பிரிட்டிஷ் குடிமக்களின் துணைவர்களுக்கு 5 ஆண்டே தொடரும்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். கணவர் நல்ல வேலையில் இருக்கிறார், நன்றாக ஆங்கிலம் பேசுகிறார், அவர் கடந்துவிடுவார். வேலைக்குப் போகாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்த மனைவியிடம் வருமானக் கணக்கும் இல்லை, பி2 ஆங்கிலமும் இல்லை. ஒரே வீட்டில் கணவர் குடிமகன், பிள்ளைகள் குடிமக்கள், உம்மா மட்டும் விசாவில் இருப்பவர் என்ற நிலை வரலாம். அப்படிப்பட்டவர் ஊருக்குப் போய் வரவும் அச்சப்படுவார். கணவர் இறந்தாலோ மணமுறிவு ஏற்பட்டாலோ அவருடைய நிலை இன்னும் மோசமாகும். இதனால்தான் வீட்டில் யார் முதலில் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு "மனைவி" என்று நாம் விடை சொல்கிறோம்.

முன்மொழிவு வேறு, நடைமுறையில் உள்ள விதி வேறு. விண்ணப்பிக்கும் நாளில் தமக்குப் பொருந்தும் விதி எது என்பதை அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ, பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

குடும்பமாகத் தயாராவது எப்படி?

தேர்வில் ஒருமுறை தேறினால் அது காலாவதியாவதில்லை. நிரந்தரக் குடியிருப்புக்குக் காட்டிய அதே தேர்ச்சியைப் பிறகு குடியுரிமைக்கும் காட்டலாம். எனவே "இன்னும் நாலு வருஷம் இருக்கே" என்று தள்ளிப்போடாமல், பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே மெதுவாகத் தொடங்குவது நல்லது. ஆங்கிலத் தேர்வுச் சான்று அப்படியல்ல. பொதுவாக இரண்டு ஆண்டுகளே செல்லும். ஆகவே அதற்குரிய காலத்தைக் கணக்கிட்டு எழுத வேண்டும்.

கையேடு பல பொது நூலகங்களில் இரவலாகக் கிடைக்கிறது. ஒருநாளைக்கு இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கத்தையும் கணவரோ பள்ளியில் படிக்கும் மகளோ முதலில் தமிழில் கதையாகச் சொல்லட்டும். கதை விளங்கிய பிறகு ஆங்கிலத்தில் படித்தால் சொற்கள் தாமாகவே பிடிபடும். டியூடர் மன்னர்களையும் இரண்டு உலகப் போர்களையும் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். "உம்மாவுக்கு நீ சொல்லிக்கொடு" என்று விட்டுப் பாருங்கள். இருவருக்கும் பாடம் நிற்கும். மாதிரித் தேர்வுகளைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்துக்கு உள்ளூர்க் கல்லூரிகளின் ஈசால் வகுப்புகளில் சேரலாம். வருமானத்தையும் விசா நிலையையும் பொறுத்துக் கட்டணச் சலுகை கிடைக்கும் இடங்களும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெண்களுக்கான பகல் வகுப்பு ஒன்றை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு நடத்தினால் அது பெரும் சேவை. மக்தப் நடக்கும் அதே நேரத்தில் தாய்மாருக்கு அடுத்த அறையில் வகுப்பு வைப்பதில் என்ன தடை?

முன்பதிவு செய்யும்போது பெயரில் மிகக் கவனம் தேவை. பதிவில் உள்ள பெயரும் காட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் பெயர்களில்தான் முஹம்மது, மொகமது, முகமது என்று எத்தனை வகை! சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். சிலருக்குத் தந்தை பெயர் அதில் ஏறியிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் எழுத விடமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. தேர்வுக்குச் சில மாதம் முன்பே ஆவணங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கும் திட்டம் வேண்டும். 2025 ஏப்ரல் கட்டணப்படி நிரந்தரக் குடியிருப்புக்கு ஒருவருக்கு 3,029 பவுண்டு. குடியுரிமைக்கு விழாக் கட்டணம் சேர்த்து 1,735 பவுண்டு. கணவன், மனைவி இருவருக்கும் இரண்டையும் கூட்டினால் 9,500 பவுண்டைத் தாண்டும். கட்டணம் அவ்வப்போது உயர்கிறது. "முதலில் எனக்கு, அப்புறம் உனக்கு" என்று மனைவியின் விண்ணப்பத்தைத் தள்ளிவைப்பது இந்தச் செலவால்தான். மாதந்தோறும் இருவர் பெயரிலும் எடுத்துவைத்தால் அந்த நிலை வராது.

குறுக்கு வழி வேண்டாம்

இன்னொருவரை வைத்துத் தேர்வெழுதச் செய்யும் கும்பல்களும் இருக்கின்றன. பொய் முடியணிந்து, வேறுவேறு தோற்றத்தில் குறைந்தது 14 பேருக்காகத் தேர்வெழுதியதாக லண்டனில் ஒரு பெண் கைதானது 2025 ஜனவரியில் செய்தியானது. இப்படிப் பெற்ற குடியுரிமையைப் பின்னாளில் பறிக்க முடியும். சட்டத்துக்கு மேலாக ஒன்று: பொய்ச் சான்றின் மேல் கட்டிய வாழ்க்கையில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

குடியுரிமை விழாவில் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்கிறார்கள். இறைவன் பெயரால் சத்தியம் செய்யலாம்; அல்லது சத்தியமின்றி உறுதி கூறலாம். மன்னருக்கு விசுவாசம், நாட்டின் உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்கும் மதிப்பு, சட்டத்துக்குக் கட்டுப்படுதல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது நம் மார்க்கக் கடமை. சொல்லப்போகும் வார்த்தைகளின் பொருள் தெரிந்து சொல்வது அக்கடமையின் முதல் படி.

முடிவெடுக்கும் முன் இரண்டு செய்திகள்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் ஊரில் வாக்குரிமை இல்லை. விவசாய நிலமும் வாங்க முடியாது. இலங்கையர்கள் உரிய முறையில் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழியுண்டு. பூர்வீகச் சொத்து, பெற்றோரின் பராமரிப்பு ஆகியவற்றை யோசித்துக் குடும்பமாகக் கலந்து முடிவெடுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத செய்தி. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் பிரிட்டனில் வசித்தால், குடியுரிமை இல்லாமலேயே நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்தால் போதும். வாக்குச்சாவடியில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். காத்திருப்பு பத்து ஆண்டா, பதினைந்தா என்று தீர்மானிக்கும் எம்.பி.க்கள் உங்கள் வாக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள்தான். உங்கள் வீட்டில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள்? கணவர் பெயர் மட்டும் இருந்தால், இன்றே மனைவியின் பெயரையும் பதிந்துவிடுங்கள். அவருக்கான முதல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.